ஒன்பதாவது கட்டம்

படிவத்தில் ஒன்பதாவது கட்டம் தொழில்.
மாமா என்னைக் கேட்கவில்லை,
தன்னையும் கேட்டுக்கொள்ளவில்லை.
'சூரி ரூமா' என்றார்.
இல்லத்தரசி.
முகப்பில் இருந்த பெண் அதைத் தட்டிவிட்டு
பத்தாவது கட்டத்துக்குப் போய்விட்டாள்.
நான் பக்கத்தில்தான் நின்றேன்,
பாட்டியின் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு.
வாயைத் திறக்கவில்லை.

திறந்திருந்தால் எங்கே தொடங்கியிருப்பேன்?

எழுபத்து மூன்றில்
சுங்கை நிபோங் முச்சந்தியில் கிலாங் பஸ் ஏறி
பாயான் லெப்பாஸுக்குப் போனாள் செங்கமலம்.
வயது பத்தொன்பது.
வயலை நிரவிய மண் அப்போதும் காயவில்லையாம்,
குளிரூட்டிய கூடத்துக்குள் தவளை வருமாம்.
எட்டு மணி நேரம்
நுண்ணோக்கியிடம் கண்களைக் கொடுத்துவிட்டு
மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை
கடுகளவு சில்லில் ஒட்டினாள்.

ஒட்டியது தங்கம்.
வாங்கியது வெள்ளி,
நாளுக்கு நாலு.
அவளுடைய சொந்தத் தங்கம், இரண்டு வளையல்,
வருஷத்தில் பத்து மாதம்
அடகுக்கடையில் குடியிருந்தது.

ராத்திரி சிப்டுக்குப் போகிற பெண் என்று
கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள்.
அவள் வந்ததும் பேச்சு நின்றது.
'ஏன் நிறுத்திட்டீங்க? சீக்கிரம் முடிங்க,
பத்து மணிக்கு எனக்கு பஸ்ஸு.'

ஒருநாள் பின்னிரவில்
அடுத்த மேசை ரோக்கியா
நுண்ணோக்கிக்குள் ஒரு முகத்தைப் பார்த்து அலறினாள்.
வரிசையாகப் பதினேழு பேர் அலறினார்கள்.
போமோ வந்து ஆட்டு ரத்தம் தெளித்தார்.
எல்லோருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டு.
ரோக்கியாவின் காலைப் பிடித்துக்கொண்டு
விடியும்வரை தரையில் உட்கார்ந்திருந்தாள் பாட்டி.
உனக்கு ஒன்றும் தெரியவில்லையா என்று கேட்டேன்.
'தெரிஞ்சுது.
என் கண்ணுதான்னு நினைச்சுக்கிட்டேன்.'

எனக்கு நினைவு தெரிந்த நாளில்
ஊசியில் நூல் கோக்க அவளால் முடியாது.
என்னைக் கூப்பிடுவாள்.
கோத்துக் கொடுத்தால்
முடிச்சை விரலால் தடவிப் பார்த்து
'பாஸ்' என்பாள்.
பசாரில் கெம்போங் மீனின் செவுளைத் திறந்து
ரிஜெக்ட்.
அம்மாவைப் பெண் பார்க்க வந்த முதல் ஆள்
ரிஜெக்ட்.
அடுத்து வந்தது அப்பா.
அவரையும் ரிஜெக்ட்தான் செய்தாள்,
அம்மா கேட்கவில்லை.

எண்பத்தைந்தில் ஒரு வெள்ளிக்கிழமை
வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களின் பட்டியலை
சுவரில் ஒட்டினார்கள்.
அவள் பெயரில் மூன்று எழுத்துப் பிழை.
'அது நானில்லை' என்று
திங்கட்கிழமையும் வேலைக்குப் போனாள்.
பதினோரு மணிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.
அந்தப் பதினோரு மணிக் கணக்கை
அவள் சொல்லும்போதெல்லாம் சிரிப்போம்.
அன்றைய அரைநாள் கூலி வரவேயில்லை என்பதை
போன வருஷம்தான் சொன்னாள்.

ஐந்தாம் நாள் நான் மட்டும் திரும்பிப் போனேன்.
அதே பெண். முக்காட்டில் அதே ஊக்கு.
திருத்தலாம், ஆனால் ஆதாரம் வேண்டும்,
முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் என்றாள்.
முதலாளி பெயர் மாறி, நாடு மாறி,
அந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிக்கு
கார்கள் நிற்கின்றன.
ஆதாரம் அவள் புருவங்களுக்கு நடுவே இருந்தது,
நுண்ணோக்கி அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம்.
பொட்டு எப்போதும் அதற்குள்தான் உட்காரும்.
பத்து லாஞ்சாங்கில்
நாங்கள்தான் எரித்துவிட்டு வந்தோம்.

பதினாறாம் நாள்
ரோக்கியா மக்சிக் வந்தார்.
பேத்தி கொண்டுவந்து விட்டுப் போனாள்.
கூடாரத்தின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
முழங்கால் வலியைப் பற்றி,
மழையைப் பற்றி அம்மாவிடம் பேசினார்.
பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
மடியில் கிடந்த வலக்கை மட்டும்
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து
காற்றில் எதையோ பிடித்தது,
இறக்கியது, ஒட்டியது, அறுத்தது.
மறுபடி பிடித்தது.
அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நான் எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தொன்றில் பாயசம் வந்தது,
டம்ளரை வாங்கக் கை நின்றது.